தண்ணி சரியில்லை எண்டு முதல்ல ஆருக்குத் தெரியவேணும்?

மட்டக்களப்பில் ஒரு வீட்டில் குழாயைத் திறக்க, தண்ணி கலங்கலாக வருகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, "உங்கட வீட்டிலயும் இப்பிடித்தானா வருகுது?" எண்டு கேட்பார். பிறகு வட்ஸ்அப் குழுவில ஒரு படம் போடுவார். அரை மணித்தியாலத்துக்குள்ள எங்கேயோ இருந்து ஒரு குரல் பதிவு வரும். அதில பேசுறவர் ஆர் எண்டும் தெரியாது, எந்த ஊர்த் தண்ணியைப் பற்றிப் பேசுகிறார் எண்டும் தெரியாது. அதுக்குப் பிறகு மூத்த ஆள் ஒருவர், "கொஞ்ச நேரம் ஓட விட்டாச் சரியாப் போகும்" எண்டு தீர்ப்பு வழங்குவார். ஓட விடுவோம். நிறம் தெளிஞ்சிடும். கேத்தலை அடுப்பில வைப்போம்.

எங்கட பிரதேசத்தில் குடிநீர் பற்றிய பொது அறிவித்தல் முறை பெரும்பாலும் இதுதான். மாதாமாதம் பில் மட்டும் பிழைக்காமல் வரும். எத்தனை யூனிட், எவ்வளவு நிலுவை, எந்தத் திகதிக்குள் கட்டாவிட்டால் இணைப்பு வெட்டப்படும் எண்டெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். போன மாதம் இந்தத் தண்ணியைச் சோதிச்சதா, சோதிச்சதில் என்ன கண்டது என்பதற்கு எங்கட கையில இருக்கிற பில் ஒன்றிலும் ஒரு வரி கிடையாது.

குழாய்த்தண்ணி நஞ்சு எண்டு சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. கிணத்தை விடக் குழாய் பெரும்பாலும் பாதுகாப்பானது எண்டுதான் நினைக்கிறோம். எங்கட சண்டை வேற. ஒரு பிழை நடந்தால் அது முதலில் அலுவலகத்துக்குத் தெரியும், ஆய்வுகூடத்துக்குத் தெரியும், மேலதிகாரிக்குத் தெரியும். குடிக்கிறவனுக்குக் கடைசியில தெரியும், சில நேரம் தெரியாமலே போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேணும் எண்டுதான் கேட்கிறோம்.

எங்கட நிலத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி, நடுவில மணல் திட்டு. எழுவான்கரைச் சனத்தில் பெரும்பகுதி அந்தத் திட்டில்தான் நெருக்கியடிச்சு வாழுகிறது. மணலுக்குள் மழைநீர் இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசாக ஒரு நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். தலைமுறை தலைமுறையாக நாங்கள் குடிச்சது அந்தப் படலத்தைத்தான். கிணறு ஆழம் குறைவு. பக்கத்தில கக்கூசுக் குழி. அதுக்குப் பக்கத்தில அடுத்த வீட்டுக் கிணறு. மணல் எதையும் நீண்ட நேரம் பிடிச்சு வைக்காது.

ஆனால் கிணறு இருந்த காலத்தில் ஒரு விசயம் இருந்தது. தண்ணியும் வீட்டுக்காரருடையது, தண்ணியைப் பற்றிய அறிவும் வீட்டுக்காரருடையது. கோடையில உவர் ஏறினால் நாக்கு சொல்லும். மாரியில வெள்ளம் ஏறினால் கண் சொல்லும். எந்தக் கிணறு குடிக்க, எந்தக் கிணறு குளிக்க எண்டு ஊருக்கே தெரியும். அந்த அறிவு முழுசாகச் சரியானது இல்லைதான், நாக்குக்குக் கிருமி தெரியாது. ஆனாலும் அது எங்கட கையில இருந்தது.

குழாய் வந்தபோது அது கை மாறியது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு வருகிறது. நல்ல திட்டம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வந்தது, அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுறதும் நாங்கள்தான். (குளத்துக்குப் பக்கத்தில இருக்கிற படுவான்கரைச் சனம், "குளம் எங்கட ஊரில, குழாய் அவங்கட ஊரில" எண்டு எத்தனையோ வருசமாகச் சொல்லி வந்த மனக்குறை தனிக் கட்டுரைக்கு உரியது.) அந்தக் குளத்தை எழுவான்கரையில் குடிக்கிற பெரும்பாலானோர் கண்ணால கண்டதே இல்லை. படிகாரம் எவ்வளவு போடப்படுகிறது, வடிகட்டி எப்ப கழுவப்படுகிறது, குளோரின் எவ்வளவு மிஞ்சி வருகிறது எதுவும் நாக்குக்கும் கண்ணுக்கும் பிடிபடாது. 100 மில்லிலீற்றர் தண்ணியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது நியமம். இருக்கிறதா இல்லையா எண்டு ஆய்வுகூடத்துக்கு மட்டும்தான் தெரியும். கிணத்தை மூடச் சொல்லி, குழாயை நம்பச் சொன்ன நாளிலேயே, "எங்களுக்குத் தெரிகிறதை உங்களுக்கும் சொல்லுவோம்" என்ற வாக்குறுதியும் அதோட சேர்ந்து வந்திருக்க வேணும். இணைப்புப் படிவத்தில் எங்கட கடமைகள் மட்டும் வரிசையாக அச்சாகியிருந்தன.

தகவல் இல்லாமல் நல்லெண்ணம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் எண்டு 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரை பார்த்தது. கடல் ஏறிய கிணறுகளை எல்லோரும் ஓடி ஓடி இறைச்சார்கள். உதவிக்கு வந்த அமைப்புகளும் மோட்டர் போட்டு இறைச்சன. ஒருதரம் இறைச்சுக் கழுவுறதில் பிழையில்லை. திரும்பத் திரும்ப இறைச்சபோது மேல மிதந்த நன்னீர்ப் படலம் மெலிஞ்சு, கீழ இருந்த உப்பு மேல வந்தது. விட்டுவிட்டால் மாரிமழை மெல்ல மெல்லக் கழுவிக் கொடுக்கும் எண்டு ஆய்வாளர்கள் இங்க வந்து அளந்து எழுதினார்கள். அந்தச் செய்தி கிணத்தடிக்கு வந்து சேர்றதுக்குள்ள எத்தனையோ கிணறு இறைச்சு முடிஞ்சுது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் இன்னும் கசப்பான பாடம். மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பருக்கும் 2014 ஜூலைக்கும் இடையில் 150 கிணறுகளைச் சோதிச்சது. அதில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் நியமத்துக்கு மேலாக இருந்தன. இதுக்குப் பிறகு வட மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. ஆபத்தான பொருட்கள் இல்லை என்ற தொனியில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. ஒரே தண்ணி. ஒரு அரச நிறுவனம் எண்ணெய் இருக்கு எண்டு சொல்லுது, இன்னொரு குழு பயப்பட ஒண்டுமில்லை எண்டு சொல்லுது. கிணத்தடியில வாளியோட நிக்கிற தாய் எதைக் கேட்கிறது? அவளுக்கு வேண்டியது ஒரு வரிப் பதில்: பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அந்த ஒரு வரியைத் தன் பெயர் போட்டுச் சொல்ல ஆரும் முன்வரவில்லை.

2015 தொடக்கத்தில் சனம் வீதிக்கு இறங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு நிபுணர் குழுவின் முடிவை ஏற்கவில்லை. நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேணும் எண்டு உத்தரவிட்டது. மாசாக்கியவன் கட்டவேணும் என்ற நீதி நிலைநாட்டப்பட்டதாக எல்லோரும் எழுதினார்கள். எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனால் அந்த இடைப்பட்ட வருசங்களில், குடிக்கலாமா எண்டு தெரியாமல் குடிச்சவர்களுக்கும், தெரியாமல் குடிக்காமல் விட்டு பவுசர் வருமா எண்டு வீதியில் நின்றவர்களுக்கும் எந்தத் தீர்ப்பும் கணக்குப் பார்க்கவில்லை. இதில நாங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கு. அந்த மாகாண சபை எங்கட வாக்கில வந்த சபை. தகவலை மறைக்கிற பழக்கத்துக்குக் கொழும்பு, யாழ்ப்பாணம் எண்ட வித்தியாசம் இல்லை. அதிகாரம் தமிழில பேசினால் வெளிப்படையாகப் பேசும் எண்டு நம்புறதுக்கு ஆதாரம் போதாது.

அதுக்கும் முன்னால, 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி, வெலிவேரியவில் சிங்களச் சனம் சுத்தமான தண்ணி கேட்டு வீதிக்கு வந்தது. இராணுவம் சுட்டதில் 3 பேர் செத்தார்கள். கிணத்துத் தண்ணி அமிலமாகிப் போச்சு என்பது அவர்கட முறைப்பாடு. தண்ணியைப் பற்றிக் கேள்வி கேட்பது இந்த நாட்டில் சின்ன விசயமாக இருந்ததில்லை.

அதிகாரிகளிடம் பேசினால் ஒரே பதில்தான் வரும்: "தம்பி, எல்லாத்தையும் சொன்னாச் சனம் பயந்துபோகும்." மரியாதையோட ஒரு கேள்வி: சொல்லாமல் விட்டால் சனம் பயப்படாமல் இருக்குதா?

நாங்கள் வாழுற இடத்தை மறந்துபோய்ப் பேசக்கூடாது. 2018 பெப்ரவரியில், இங்கிருந்து தூரமில்லாத அம்பாறையில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கொத்துரொட்டியில் மலட்டு மருந்து கலந்ததாக ஒரு கதை கிளம்பியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதிச்சுப் பார்த்து, அது மாவுக் கட்டி எண்டு அறிக்கை கொடுத்தார். அறிக்கை வந்தபோது எரிஞ்சது எரிஞ்சு முடிஞ்சுது. அதே வருசம் புல்லுமலையில் போத்தல் தண்ணித் தொழிற்சாலைக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. நிலத்தடி நீர் வத்திப்போகும் என்ற நியாயமான பயம் அதில் இருந்தது. அதுக்கு மேல இனச்சாயம் பூச ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். எவ்வளவு தண்ணி எடுக்கப் போகிறார்கள், நிலத்தடியில் எவ்வளவு இருக்கு எண்ட கணக்கை முதல் நாளே ஊர்ச் சனத்துக்கு முன்னால விரிச்சு வைச்சிருந்தால் அந்தச் சாயம் பூசுறவர்களுக்கு இவ்வளவு இடம் கிடைச்சிருக்காது எண்டு நினைக்கிறோம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குழாயில் குடிக்கிற ஒரு கரையில், தண்ணியைப் பற்றிய வதந்தி ஒன்று என்னவெல்லாம் செய்யும் எண்டு விளக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் உத்தியோகபூர்வ மௌனம் வதந்திக்கு எண்ணெய் வார்க்கிற வேலைதான் செய்யும்.

பயம் என்ற காரணம் வெளிநாட்டிலும் சொல்லப்பட்டிருக்கிறது. எங்கட சனம் ஏராளமாக வாழுகிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்டன் எண்டொரு சின்ன ஊர். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணம் கழுவுப்பட்டு ஊர்க் கிணத்துக்குள் இறங்கியது. குளோரின் சரியாகப் போடப்படவில்லை. மே 17ஆம் திகதி ஆய்வுகூடம் தண்ணியில் கிருமி இருக்கு எண்டு அறிவிச்சது. யாருக்கு? தண்ணி வழங்குறவர்களுக்கு மட்டும். சுகாதாரத் திணைக்களத்துக்கு அல்ல. பிள்ளைகள் வயிற்றோட்டத்தோட ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்க, சுகாதார அதிகாரிகள் தொலைபேசி எடுத்துத் தண்ணி எப்படி எண்டு கேட்டார்கள். பொறுப்பாளர், தண்ணி நல்லாத்தான் இருக்கு எண்டு சொன்னார். மே 21ஆம் திகதி சுகாதார அதிகாரி தன் பொறுப்பில், கொதிக்கவைத்துக் குடியுங்கள் எண்டு அறிவிச்சார். அதுவும் எல்லோரிடமும் போய்ச் சேரவில்லை. 7 பேர் செத்தார்கள், 2300 பேரளவில் நோயாளியானார்கள். அத்தனை வசதியுள்ள நாட்டில், சில ஆயிரம் பேர் மட்டும் வாழுகிற ஊரில். விசாரணை நடத்திய நீதிபதி ஓகொன்னரின் அறிக்கை எந்தப் பொறியியல் மாணவரும் வாசிக்க வேண்டியது.

அமெரிக்காவில் உடனடி ஆபத்துள்ள பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் 24 மணித்தியாலத்துக்குள் வாடிக்கையாளருக்குச் சொல்லவேணும் எண்டு சட்டம் இருக்கு. ஒவ்வொரு வருசமும் ஜூலை 1க்குள் தண்ணியின் தர அறிக்கை வீட்டுக்குப் போகவேணும். அந்தச் சட்டம் இருந்த நாட்டில்தான் பிளின்ற் நகரமும் நடந்தது. 2014 ஒக்டோபரில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை, இந்தத் தண்ணி எங்கட இயந்திரப் பாகங்களை அரிக்குது எண்டு அதை நிறுத்தியது. சனத்துக்கோ இன்னும் ஒரு வருசம், பயமில்லாமல் குடியுங்கள் எண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டம் இருந்தால் போதாது என்பது உண்மை. சட்டமும் இல்லாத இடத்தில் எதைப் பிடிச்சுக் கேட்கிறது?

சரி, அறிவித்தல் எண்டால் எப்படி? "தவிர்க்க முடியாத காரணங்களினால் நீர் விநியோகத்தில் தடங்கல் ஏற்படும்" எண்ட பாணி எங்களுக்கு வேண்டாம். என்ன பிழை, எந்த ஊர்களுக்கு, எப்ப இருந்து, என்ன செய்யவேணும், எப்ப முடியும். இவ்வளவும் வேணும். இதில் "என்ன செய்யவேணும்" என்பது மிக முக்கியம். ஏனெண்டால் எங்கட சனத்துக்கு எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: கொதிக்க வை. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக்குச் சரியில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஆவியாகி, மிச்சத்தில் நைத்திரேற்றின் செறிவு கூடும். அந்தத் தண்ணியில் மாப்பால் கரைச்சுக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. உப்புக்கும் ஈயத்துக்கும் அதே கதை. குளம் வத்திப் பச்சைப் பாசி பிடிச்சால் அதிலிருந்து வரக்கூடிய நஞ்சுக்கும் கொதிக்கவைத்தல் உதவாது. ஆகவே காரணம் சொல்லாமல் "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" எண்டு மட்டும் சொல்லுறது சில நேரம் நோயை அடுப்பில வைச்சுக் கொடுக்கிற மாதிரி.

இன்னொரு விசயம், பலருக்குத் தெரியாதது. தண்ணி நிண்டு திரும்ப வரும்போது ஏன் கலங்கல்? குழாய்க்குள் அமுக்கம் இருக்கும்வரை வெடிப்பு வழியாகத் தண்ணி வெளியேதான் கசியும். அமுக்கம் விழுந்தால் வெளியில இருக்கிற ஊத்தைத் தண்ணி உள்ளே இழுபடும். கானுக்குப் பக்கத்தில, கக்கூசுக் குழிக்குப் பக்கத்தில குழாய் போகிற இடங்களில் இதன் அர்த்தம் என்ன எண்டு விளங்கும். வீட்டில மோட்டரைக் குழாயோட நேரடியாகப் பொருத்தி உறிஞ்சுகிறவர்களும் இதையே பக்கத்து வீட்டுக்குச் செய்கிறார்கள். ஆகவே தண்ணி வெட்டு என்பது வெறும் வசதிக் குறைவு இல்லை, பாதுகாப்புப் பிரச்சினையும்தான். வெட்டு எத்தனை மணிக்கு எண்டு சொல்லுறவர்கள், திரும்ப வந்த பிறகு எவ்வளவு நேரம் ஓட விடவேணும், குளோரின் அளவு திரும்பச் சரியாச்சா எண்டும் சொல்லவேணும். குழாய் வாயில் லீற்றருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குளோரின் மணக்குது எண்டு முறைப்பாடு செய்கிற எங்கட சனத்துக்கு, மணக்காத நாளில்தான் கொஞ்சம் யோசிக்கவேணும் எண்டு ஆர் சொல்லிக்கொடுத்தது?

எப்படிச் சொல்லுறது என்பதற்குப் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஒரு மரணம் நடந்தால் ஓட்டோவில ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொல்லி முடிக்கிறோம். பள்ளிவாசல் இருக்கு, கோயில் இருக்கு, தேவாலயம் இருக்கு. கிராம சேவகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர் எல்லோருக்கும் வீடு வீடாகச் சனத்தைத் தெரியும். பில் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிஞ்ச நிறுவனத்துக்கு அதே இலக்கத்துக்கு எச்சரிக்கை அனுப்பத் தெரியாதா? ஒன்று மட்டும்: அந்த இலக்கம் வீட்டுக்காரருடையதாக இருக்கும். வாடகைக்கு இருக்கிறவருக்கும், புருசன் கட்டாரில இருக்க வீட்டில தனியாக இருக்கிற பெண்ணுக்கும் அது போய்ச் சேராது. ஆகவே ஒலிபெருக்கியும் வேணும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஆயிரக்கணக்கில் சனம் கூடும், தண்ணீர்ப் பந்தலில் ஒரே தாங்கியில் எல்லோரும் குடிக்கும். அந்த நாட்களில் ஒரு அறிவித்தல் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் விலை பெரிசு.

செலவையும் பேசவேணும். "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" எண்டு எழுதுற கை ஒரு ஆணுடையதாக இருக்கலாம். கொதிக்க வைக்கிறது ஒரு பெண். 2022இல் காஸ் வரிசையில் நின்றதை ஆரும் மறக்கவில்லை. விறகு சும்மா கிடைக்காது. வசதியுள்ளவன் பில்டர் பூட்டுவான், போத்தல் வாங்குவான். அவனுக்கு அறிவித்தல் தேவையே இல்லை, அவன் ஏற்கனவே குழாயை நம்பாமல் விட்டுவிட்டான். அவநம்பிக்கையில் வியாபாரம் நல்லா நடக்குது. அறிவித்தல் தேவைப்படுறது குழாயைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்கு. அவர்களுக்கு எச்சரிக்கையோட பவுசரும் சேர்ந்து வரவேணும், இல்லாவிட்டால் அந்த எச்சரிக்கை வெறும் பொறுப்புக் கழட்டல்.

தொட்டதுக்கெல்லாம் எச்சரிக்கை வந்தால் சனம் கவனிக்காமல் விட்டுவிடும் எண்டு ஒரு வாதம் இருக்கு. அதில் நியாயம் இருக்கு. அதனால்தான் அளவையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேணும் எண்டு கேட்கிறோம். முடிஞ்ச பிறகு, முடிஞ்சுது எண்டும் சொல்லவேணும்.

இப்ப செய்யக்கூடியது ஒன்று கையில இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேணும். குடிமகனின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் எண்டால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேணும் எண்டு அதே சட்டம் சொல்லுது. குடிநீரில் கிருமி இருக்கா எண்ட கேள்வி உயிரோடு சம்பந்தப்படாவிட்டால் வேற எது சம்பந்தப்படும்? இந்த வாசகத்தை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை எண்டு எங்களுக்குப் படுகுது. குழாய்த்தண்ணிக்கு மட்டுமில்லை, பிரதேச சபை பவுசருக்கும், கிராமத்துச் சங்கங்கள் நடத்துற சின்ன நீர்த்திட்டங்களுக்கும் கேள்வி கேட்கவேணும். பெரிய திட்டத்தில் குறைஞ்சது ஒரு ஆய்வுகூடம் இருக்கு.

கேட்க வேண்டியவை இவைதான்: கடந்த 12 மாதங்களில் எங்கட ஊரில் எந்தெந்த இடத்தில், எந்தத் திகதியில் மாதிரி எடுக்கப்பட்டது? ஈ.கோலை, மிஞ்சிய குளோரின், கலங்கல், நைத்திரேற்று ஒவ்வொன்றும் எவ்வளவு? நியமத்துக்கு வெளியே போன நாட்கள் எவை? அந்த நாட்களில் சனத்துக்கு அறிவிக்கப்பட்டதா, எந்த வழியில், எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு? அறிவிக்க வேண்டாம் எண்டு முடிவெடுத்திருந்தால், அந்த முடிவை எடுத்த பதவி எது? விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதிக் கொடுத்து உதவவேணும். வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பில் இருக்கு, ஆகவே கேள்வியைத் தமிழில எழுதுங்கள். ஆய்வுகூட அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பி, தமிழில தாருங்கள் எண்டு இரண்டாவது கடிதம் போடுங்கள்.